பல் உடைந்த இரண்டாவது கியர்

அத்தியாயம் 3

"கார் திருடனைப் பார்த்திருக்கேன் பாஸ். டயர் திருடனையும் பார்த்திருக்கேன். ஆனா கியர்பாக்ஸைக் கழற்றி, துடைச்சு, துணியில சுத்தி, வரிசையா அடுக்கி வெச்சிட்டு வெறுங்கையோட போற திருடனை இப்பத்தான் பார்க்கிறேன். இவன் கிடைச்சா ஜெயிலுக்கு அனுப்பாதீங்க. என் வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்புங்க."

லோனி ப்ரூயிட் சொல்லிக்கொண்டே வேலை மேஜையின் மேல் குனிந்தான். பன்னிரண்டு குழி உள்ள கேக் தட்டில், குழிக்கு ஒன்றாகப் பித்தளை வளையங்களும் சின்னச் சின்ன உருண்டைகளும் உட்கார்ந்திருந்தன. பெரிய பற்சக்கரங்களுக்குப் பழைய ஃப்ளானல் சட்டையைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. பக்கத்தில் கியர்பாக்ஸின் இரும்புக் கூடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ஆர்டித் நோவக் ஒரு பித்தளை வளையத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தேழு வயது. பதினான்கு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு சலவைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பழுதான கார்களை இழுத்துப்போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லோனியை உதவியாளனாகச் சேர்த்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் வாயை மூட வைக்கும் வழியை மட்டும் அவளால் இன்னும் துப்பறிய முடியவில்லை.

திங்கட்கிழமை அந்த அலுவலகப் படியேறி வந்தவர் வெர்னன் ஸ்டௌட். அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் இந்த ஷெட்டில், 1971-ம் வருஷத்து கெஸ்ட்ரல், இரண்டே இருக்கை கொண்ட பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், அவர் கையால் மறுபடி உயிர் பெற்றுக்கொண்டிருந்தது.

"நான் பூட்டறேன். எவனோ அவிழ்க்கறான்" என்றார் அன்றைக்கு. "செவ்வாயும் வெள்ளியும் காலையில முதுகு வலிக்காக நீச்சல் குளத்துக்குப் போறேன். சர்ச் வேன் வந்து கூட்டிட்டுப் போகும். திரும்பி வந்தா கியர்பாக்ஸ் பழையபடி துண்டு துண்டா கிடக்கு. ஜனவரியில இருந்து பதினோரு தடவை. பக்கத்து வீட்டு க்ளென் ராஸ்ப்தான். மூணு தடவை காரை விலைக்குக் கேட்டான். அடுத்த தடவை நடந்தா நானே அவன் வீட்டுக்குப் போவேன். வெறுங்கையோட போக மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் ஆர்டித் இந்தக் கேஸை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் க்ளென் ராஸ்ப் நேற்றோடு கழன்றுபோனான். செவ்வாயும் வெள்ளியும் அவனுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். சாட்சி சொல்ல நாற்பது பேர். இன்றைக்கு வெள்ளி. இன்று காலையும் அவிழ்ந்துவிட்டது. பன்னிரண்டாவது தடவை.

"இங்க பாருங்க பாஸ்." லோனி ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். அதன் ஆறு மூலைகளும் மழுங்கியிருந்தன. "அளவு மாத்துற ஸ்பேனர் போட்டுத் திருகியிருக்காங்க. வெர்னன் மாதிரி ஆள் இந்த இடத்துல அதைத் தொடவே மாட்டார். அது குழாய் ஒழுகினா எடுக்கிற சாமான்."

"மெக்கானிக் இல்லை" என்றாள் ஆர்டித். "ஆனா எதை முதல்ல கழற்றணும், எதை அப்புறம் கழற்றணும்னு தெரிஞ்ச ஆள். ஒரு கீறல்கூட விழாம."

"எதிரி இவ்வளவு அன்பா இருப்பானா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். காருக்கு மேல் தார்ப்பாய். சுவரோரம், காரைத் தூக்கி நிறுத்தும் நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக. மேஜையின் தலைமாட்டில் காரின் பழுதுபார்க்கும் புத்தகம் விரித்து வைத்திருந்தது. விரித்த பக்கத்தில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அது கியர்பாக்ஸ் பக்கமும் இல்லை. கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பற்றிய பக்கம்.

கதவு திறந்தது. வெர்னன் ஃப்ளாஸ்கும் இரண்டு கோப்பைகளுமாக வந்தார். உயரமான மனிதர். கோப்பையின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை வளைத்து வைத்துக்கொண்டு காபியை ஊற்றினார். விரலில் சூடு பட்டதும் நிறுத்தினார்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார், ஆர்டித்தின் இடது தோளுக்கு ஓர் அடி தள்ளிப் பார்த்தபடி.

"இன்னும் ஒருத்தர்கிட்ட பேசணும். உங்க மனைவிகிட்ட."

"தாராளமா பேசுங்க. ஆனா சமையலறையில வேண்டாம். முன் அறையில கதவைச் சாத்திட்டு உட்காருங்க. டோரீனுக்குக் கூச்சம் ஜாஸ்தி. அவசரப்படுத்தாம நிதானமா கேளுங்க."

வெளியே வந்ததும் லோனி கிசுகிசுத்தான். "நம்மைப் பார்க்காம நம்ம காதைப் பார்த்துப் பேசறார். என் காது அவ்வளவு அழகா?"

ஆர்டித் நின்றாள். "லோனி, அந்தக் காபி. விரலை உள்ளே விட்டு ஊற்றினாரே..."

"பஸ் ஓட்டினவர். சுத்தம் எல்லாம் பார்க்க முடியுமா?"

அவள் மறுபடி ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவைத் தட்டினாள்.

* * *

டோரீன் ஸ்டௌட் குள்ளமாக, உருண்டையாக, எலுமிச்சை நிற ஸ்வெட்டரில் இருந்தார். கை கழுவும் தொட்டிக்கு மேலே பெரிய ஜன்னல். அதன் வழியே ஷெட்டும், அங்கிருந்து தெருவுக்குப் போகும் கற்பாதையும் முழுசாகத் தெரிந்தன. இந்த வீட்டிலிருந்து ஒரு கோழி வெளியே போவதானாலும் டோரீனின் கண்ணில் படாமல் போக முடியாது.

"டீ போடட்டுமா? சர்க்கரை கிடையாது. எங்க ரெண்டு பேருக்குமே டாக்டர் நிறுத்திட்டார். வாங்கறதே இல்லை."

"தண்ணி போதும்" என்றாள் ஆர்டித்.

லோனி குழாயடிக்குப் போனான். அங்கே பாத்திரம் கழுவும் சோப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணம் நிறையச் சர்க்கரை. சர்க்கரையின் ஓரம் சாம்பல் நிறத்தில் கட்டி தட்டியிருந்தது. லோனி அதை ஒரு தரம், ஆர்டித்தை ஒரு தரம் பார்த்தான். முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனேதான் அவளுக்குச் சொல்லியிருந்தான், கையில் கியர் ஆயில் ஏறிவிட்டால் சோப்பு மட்டும் போதாது, ஒரு பிடி சர்க்கரையும் சேர்த்துத் தேய்த்தால்தான் போகும் என்று.

மேஜையில் அன்றைய பேப்பர் மடித்துக் கிடந்தது. ஆர்டித் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு முன் அறைக்கு நடந்தாள். வெர்னன் சொன்னபடியே கதவைச் சாத்தினாள்.

"மிஸஸ் ஸ்டௌட், குழாய் ஒழுகினா நீங்க எடுக்கிற ஸ்பேனர் அளவு மாத்துறதுதானே?"

டோரீன் சோபாவில் உட்கார்ந்தார். நகக்கண்களில் கறுப்புக் கோடு. கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா தெரியும்?"

"அரை நிமிஷமா."

"நல்லது" என்றார் டோரீன். "யாருக்காவது தெரிஞ்சா தேவலைன்னு இருந்தது."

அவர் அழவில்லை. பேப்பர் வாசிப்பது போல நிதானமாகச் சொன்னார். முப்பது வருஷமாக வெர்னன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கை நீட்ட, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது டோரீன்தான். எது எதற்குள் போகும் என்பது கேட்டுக் கேட்டே பழகிவிட்டது. செவ்வாய், வெள்ளியில் சர்ச் வேன் முனை திரும்பியதும் ஷெட்டுக்குப் போவார். மூடியைத் திறப்பார். ஒவ்வொன்றாக எடுப்பார். துடைத்து வைப்பார்.

"வெர்ன் உயிரைக் கொடுத்துச் செய்யறது. உடைக்க மனசு வரலை. பிரிக்கத்தான் முடிஞ்சது."

"ஏன்?"

டோரீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் சொல்லுங்களேன். அவனைப் பார்த்தீங்களே."

"அவருக்குக் கண் தெரியலை" என்றாள் ஆர்டித்.



"நடுவுல தெரியாது" என்றார் டோரீன். "நேரா பார்த்தா ஒரே புகை. ஓரத்துல கொஞ்சம் தெரியும். ரெண்டு வருஷமாச்சு. டாக்டர் எனக்குத்தான் போன் பண்ணிச் சொன்னார். அவன் என்கிட்ட சொல்லலை. சொல்லாதவன்கிட்ட எனக்குத் தெரியும்னு நான் எப்படிச் சொல்றது? தினமும் காலையில பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டறான். அஞ்சு மணிக்கு ரேடியோவுல கேட்டதைத்தான் சொல்றான். ஒருநாள் பேப்பர் தலைகீழா இருந்தது. நான் 'அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டேன்."



"கண் இல்லாம கியர்பாக்ஸ் எப்படி..." என்றான் லோனி.

"அதுக்குக் கண் எதுக்கு? காருக்கு அடியில பாதி வேலை விரல்லதான். அவன் விரலால பார்ப்பான். என்னைக்காவது ஒருநாள் அது முடிஞ்சிடும். காருக்குள்ள ஏறும். சாவியைப் போட்டுட்டு வெளியே கிளம்பிடுவான். 'ஒரே ஒரு தடவை, நாலு கியரும் போட்டு ஓட்டணும் டோரி'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். போகாதேன்னு சொல்ல என்னால முடியலை. முடியாம இருக்கட்டும்னு பிரிச்சேன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதைக் கேட்டுக்கிட்டே சமையல் பண்ணினேன்."

ஆர்டித் என்ன சொல்வது என்று யோசித்தாள். குற்றவாளி கிடைத்துவிட்டாள். ஆனால் குற்றம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கிழவரிடம் போய் உங்கள் மனைவிதான் என்று சொல்வதா? யாரும் இல்லை என்று பொய் சொல்வதா? இரண்டில் எதைச் சொன்னாலும் ஒருவர் காலடியில் தரை விலகும்.

லோனி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். மேஜையிலிருந்து கொண்டுவந்த பற்சக்கரம்.

"வெச்சிடு அதை" என்றாள் ஆர்டித்.

"பாஸ், இது இரண்டாவது கியர். இதுல ரெண்டு பல் உடைஞ்சிருக்கு."

"பழைய கார். உடையாதா?"

"திங்கட்கிழமை ஆபீஸ்ல அவர் என்ன சொன்னார்? உபரி பாகத்துக்காக ரெண்டாவதா ஒரு பழைய கியர்பாக்ஸ் வாங்கினேன், அதுல இருந்த நல்ல இரண்டாவது கியரை எடுத்து என்னோடதுல போட்டுட்டேன்னு பெருமையா சொன்னாரே. அப்ப மேஜைமேல நல்ல கியர்தானே இருக்கணும்? உடைஞ்சது எப்படி வந்தது?"

டோரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு அதெல்லாம் வித்தியாசம் தெரியாது. மேஜைமேல இருந்ததைப் பிரிச்சேன்."

ஆர்டித்தின் கண்முன் சுவரோரம் அடுக்கியிருந்த நான்கு ஸ்டாண்டுகள் வந்தன. கியர்பாக்ஸ் ஏற வேண்டிய கார், ஸ்டாண்டின் மேலல்லவா நிற்க வேண்டும்? தார்ப்பாய்க்கு அடியில் அது நான்கு சக்கரத்திலும் தரையில் நின்றுகொண்டிருந்தது.

"மிஸஸ் ஸ்டௌட், நீங்க பிரிச்சிட்டிருந்தது குப்பை" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அசல் கியர்பாக்ஸ் காருக்குள்ள ஏறிடுச்சு."

அப்போதுதான் வீட்டின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஓர் இருமல். பிறகு ஒரு கனைப்பு. பிறகு தொண்டை நிறைந்த, சீரான உறுமல்.

டோரீன் எழுந்து, சாத்தியிருந்த கதவைத் திறந்தார். சமையலறையைத் தாண்டி அவர்கள் பாதைக்கு வருவதற்குள் பச்சை கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

'முன் அறையில கதவைச் சாத்திட்டு. நிதானமா கேளுங்க.'

பதினான்கு வருஷம் பொய்யர்களோடு பழகிய ஆர்டித் நோவக்கை ஒரு கிழவர் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்தியிருந்தார்.

* * *

லோனியின் வேனில் மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். பெம்பர்ட்டன் சாலை வயல்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. இன்னும் விதைக்காத ஏப்ரல் மண் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. முக்கால் மைலுக்கு முன்னால் பச்சைப் புள்ளி.

லோனி ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டான். பக்கத்தில் இருக்கும் ரோந்து வண்டி வந்துசேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துல அவர் கனடாவுக்கே போயிடுவார்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கை ஹாரனை நோக்கிப் போனது.

ஆர்டித் அதைப் பிடித்தாள். "அடிக்காதே. அவர் திரும்பிப் பார்ப்பார்."

"பின்ன என்னதான் பண்றது பாஸ்?"

 வேன் அதன் சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டது. காருக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம் கூடிக்கொண்டே போனது. காற்றில் அந்த எஞ்சின் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. ஏறி, ஒரு மூச்சு அடங்கி, மறுபடி ஏறியது. பல்லோடு பல் உரசுகிற சத்தம் துளிகூட இல்லை.

"மூணு" என்றார் டோரீன். கைகளை மடியில் கோத்திருந்தார். "இப்ப நாலு போடுவான்."

போட்டார்.

"ரோடு காலிதான்" என்றார் டோரீன், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "மணி ரெண்டரைகூட ஆகலை. ஸ்கூல் மூணு பத்துக்குத்தான் விடும். அது தெரிஞ்சுதான் இந்த நேரத்தைப் பார்த்திருக்கான். முப்பத்தொரு வருஷம் இதே ரோட்டுல பஸ் ஓட்டினவன். ஒரு குழந்தைக்கு ஒரு சிராய்ப்பு..."

அவர் நிறுத்தினார்.

"என்ன?" என்றாள் ஆர்டித்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அரை நாள்தான் ஸ்கூல்." டோரீனின் உதடுகள் வெளுத்தன. "பேப்பர்ல போட்டிருந்தது. முதல் பக்கத்துல. அவன் காலையில எனக்கு அதை வாசிக்கலை."

தூரத்தில் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பச்சை கார் வால் பக்கம் வழுக்கி, சாலைக்குக் குறுக்கே திரும்பி, நின்றது.

* * *

வேன் முழுசாக நிற்பதற்குள் ஆர்டித் குதித்துவிட்டாள்.

காருக்குப் பின்னால் சாலை ஓரத்தில் ஒரு மஞ்சள் சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. சின்ன சைக்கிள். கைப்பிடியில் ரிப்பன். முன்சக்கரம் எட்டு என்ற எண்ணைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டடி தள்ளி ஒரு குழந்தையின் காலணி.

ஆர்டித் இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது பக்கம் பள்ளம், அதில் மழைத்தண்ணீர். இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீர். பழுப்பு நிறம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினாள். சேறும் சருகும் வந்தன. மறுபடி துழாவினாள். லோனி எதிர்ப் பக்கப் பள்ளத்தில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். 

காருக்குள் வெர்னன் அசையவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவர் பின்னால் திரும்பக்கூட இல்லை. திரும்பினாலும் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

"என்ன அது?" என்றார். "யாராவது சொல்லுங்க. சக்கரத்துல ஏதோ ஏறுச்சு. என்ன அது? டோரி? டோரி, என்ன அது?"

டோரீன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் அந்தக் காலணி மேலேயே இருந்தது. 

"அது என்னோட சைக்கிள்."

சத்தம் ஆர்டித்தின் காலுக்குக் கீழே இருந்து வந்தது. சாலைக்கு அடியில் போகும் சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து ஒரு பெண் குழந்தை தவழ்ந்து வெளியே வந்தாள். எட்டு ஒன்பது வயதிருக்கும். வெறுங்கால், முழங்கால் வரை சேறு. கையில் கண்ணாடி ஜாடி, அதற்குள் ஏழெட்டுத் தலைப்பிரட்டைகள்.

ஆர்டித் அவளைத் தோளில், கையில், தலையில் தொட்டுப் பார்த்தாள்.  "வேற யாராவது? உன்கூட வேற யாராவது இருந்தாங்களா?"

"நான் மட்டும்தான். ஷூ நனையும்னு மேல கழற்றி வெச்சேன்."

லோனி எதிர்ப் பள்ளத்தில் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

ஆர்டித் காரிடம் போனாள். "சைக்கிள். வெறும் சைக்கிள். மேல யாரும் இல்லை."

வெர்னன் முகம் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வானத்தைப் பார்த்தது. "சத்தியமா?"

"சத்தியமா."

"டோரி, உண்மையா?"

"உண்மை வெர்ன்."

"நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சொல்லலையே?" அவர் கை கதவின் மேல் தட்டுத் தடுமாறி டோரீனின் கையைத் தேடியது. "எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும் டோரி?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்லிவிட்டார். டோரீன் தன் கையை அந்தக் கைக்குள் வைத்தார். அதற்கு மேல் அவரிடம் வைக்க ஒன்றும் இல்லை.

ஆர்டித் குழந்தையைக் கூப்பிட்டாள். "உன் பேர் என்ன?"

"பைப்பர்."

"பைப்பர், இந்தத் தாத்தாகிட்ட பேசு. நீ நல்லா இருக்கேன்னு சொல்லு."

பைப்பர் ஜாடியை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலருகே போனாள். "நான் நல்லா இருக்கேன். என் சைக்கிள்தான் நல்லா இல்லை. நீங்க அதைப் பார்க்கவே இல்லையா?"

"இல்லைம்மா" என்றார் வெர்னன். "பார்க்கலை."

அவர் அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். பைப்பர் பின்னால் நகர்ந்து ஆர்டித்தின் ஈரக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டாள் ஆர்டித். "அவங்கதான் பிரிக்கிறாங்கன்னு."

"மார்ச்ல. ஒவ்வொரு சாமானும் துணியில சுத்தி இருந்துச்சு. துணியைத் தடவினேன். என் பழைய சட்டை. காலர்ல அவ போட்ட தையல். உலகத்துல வேற யார் என் சட்டையைக் கிழிச்சு மெத்தை போடுவா?" மூக்கை உறிஞ்சினார். "அப்புறம்தான் குப்பை கியர்பாக்ஸை மேஜைமேல வெச்சேன். ஆனா ஜன்னலைத் தாண்டிப் போக முடியாது. எஞ்சின் சத்தம் கேட்டா கார் முன்னால வந்து நின்னுடுவா. எனக்கு அவ நிக்கறது தெரியாது. அதான் உங்ககிட்ட வந்தேன். பத்து நிமிஷம் அவளை உட்கார வைக்க."

"க்ளென் வீட்டுக்கு வெறுங்கையோட போக மாட்டேன்னது?"

"அப்படிச் சொன்னாத்தானே நீங்க வருவீங்க."

ஆர்டித்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டோரீன் மட்டும் மெதுவாகச் சொன்னார். "கேட்டிருக்கலாமே வெர்ன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."



வெர்னன் சாவியை உருவினார். இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்று, டோரீன் நிற்பதாக நினைத்த திசையில் கையை நீட்டினார். அங்கே யாரும் இல்லை, வயல்தான் இருந்தது. டோரீன் மூன்றடி நகர்ந்து, அந்தக் கை நீண்ட இடத்தில் போய் நின்று, சாவியை வாங்கிக்கொண்டார்.

"நான் ஓட்டிட்டு வரேன் சார்" என்றான் லோனி. குரலில் கிண்டலே இல்லை. "எனக்கு இந்த மாதிரி கியர் பழக்கம்."

"வேண்டாம். அவ ஓட்டட்டும்."

"எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது வெர்ன்! கிளட்ச் எதுன்னுகூடத் தெரியாது."

"இடது கால். நான் சொல்றேன். காது கேட்குது இல்ல, அது போதும்."

லோனி வேனில் முன்னால் போய் வழி காட்டினான். ஆர்டித் குழந்தையின் வீட்டில் சொல்வதற்காக அங்கேயே நின்றாள். பச்சை கார் கிளம்பியது. இரண்டடி துள்ளி அணைந்தது. மறுபடி கிளம்பியது. "கிளட்ச்... இன்னும் அழுத்து... இப்ப" என்று வெர்னனின் குரல். பிறகு கரகரவென்று பல்லோடு பல் மோதி அரைபடும் சத்தம். நான்கு மாதம் விரல் நுனியால் தடவித் தடவி அவர் பொருத்திய பற்கள். ஒவ்வொரு தடவை அரைபடும்போதும் அவர் கை மடியிலிருந்து எழுந்து கியர் கம்பியை நோக்கிப் போய், பாதி வழியில் நின்று, மடிக்கே திரும்பியது.

பைப்பர் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

"இதை நிமிர்த்த முடியுமா?" என்று கேட்டாள்.

ஆர்டித் முறுக்கிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தாள். அது கொஞ்சம்கூட அசையவில்லை. மறுபடி முயன்றாள்.

"என்னால முடியாது" என்றாள்.

சாலைக் கடைசியில் கார் இன்னொரு தடவை அணைந்து நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெடுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு அது மறுபடி இருமியது.